வீணான சந்தேகமா?

கேள்வி: 12 வயது மகள் நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். பயிற்சியாளர் இரவில் அவளுக்கு மட்டும் செய்தி அனுப்புகிறார். அடுத்த போட்டிக்குத் தன் காரிலேயே தனியாக அழைத்துப்போவதாகவும் சொல்கிறார். எல்லாரும் மதிக்கும் மனிதர். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா, அக்கா?

பதில்: இல்லை, சகோதரி. 20 ஆண்டுகள் நீச்சல் கற்றுக்கொடுத்தவள் நான். பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் மாணவிகளுக்குச் செய்தி அனுப்புவேன். எந்தக் குழந்தையையும் தனியாகக் காரில் ஏற்றியதில்லை.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவர் லாரி நாசரையும் எல்லாரும் மதித்தார்கள். தாய் அதே அறையில் இருக்கும்போதே, அந்தத் தாயின் கண்ணுக்குப் படாதபடி மறைத்து நின்று சிறுமியைச் சீரழித்தவர் அவர். 2018-இல் 150-க்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசினார்கள். சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே முறையிட்டவர்கள். அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கார் பயணத்தை இன்றே மறுத்துவிடுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள். நீச்சல் சங்கத்தில் குழந்தைப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, எழுத்திலேயே புகார் கொடுங்கள். செய்திகளில் ஆபாசம் இருந்தால் நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.

மகளை அதட்டிக் கேட்காதீர்கள். என்னிடம் ஒரு சிறுமி, பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடியபடி வெகுநேரம் நின்ற பிறகே வாய் திறந்தாள். “சொன்னால் அம்மா நீச்சலை நிறுத்திவிடுவார்” என்பதுதான் அவள் பயம். நீச்சல் நிற்காது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்.