நீடில் புதுசு, சிரிஞ்சு பழசு: ஊசி குறித்த கேள்வி-பதில்

எங்கள் ஊர் கிளினிக்கில் ஆளுக்கொரு புது நீடில் மாட்டுகிறார்கள். சிரிஞ்சை மட்டும் மாற்றுவதில்லை. உடம்புக்குள் போவது நீடில்தானே?

மருந்தைச் செலுத்தி உருவும்போது நீடிலின் துளைக்குள் துளி ரத்தம் தங்கும். நீடிலைக் கழற்றுகிற நொடியில் ஏற்படும் உறிஞ்சல் அதைச் சிரிஞ்சின் மூக்குக்குள் இழுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, குழல் பளிச்சென்றுதான் இருக்கும். புது நீடில் மாட்டினாலும் முந்தையவரின் ரத்தம் அடுத்தவருக்குப் போகும். அந்தச் சிரிஞ்சைப் பல டோஸ் குப்பியில் விட்டு மருந்து எடுத்தால் இன்னும் மோசம். குப்பியே கெட்டுவிட்டால், பிறகு புது சிரிஞ்சில் எடுத்துப் போட்டும் பயனில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ரத்தோதேரோவில் 2019-ல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பரிசோதித்த தாய்மார்களில் பெரும்பாலோருக்குத் தொற்றே இல்லை. அதனால்தான் சந்தேகம் ஊசியின் மேலும் டிரிப்ஸ் மேலும் விழுந்தது.

ஊசி போட்டுக்கொள்ளும்போது எதைக் கவனிப்பது?

கவரை உங்கள் கண்ணெதிரே கிழிக்க வேண்டும். முன்பே மருந்து இழுத்து டிரேயில் அடுக்கிய சிரிஞ்சுகளோ, ரப்பர் மூடியில் நீடில் குத்தியபடியே நிற்கும் குப்பியோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தடுப்பூசிக்குப் பயன்படும் ஏ.டி. (ஆட்டோ-டிசேபிள்) சிரிஞ்சு, ஒருமுறை முழுக்க அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும். பிஸ்டனை மறுபடி இழுக்க முடியாது. சாதாரண சிரிஞ்சில் அந்தப் பூட்டு கிடையாது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது, "டாக்டர், மாத்திரையே போதாதா?" என்பதைத்தான். சளிக்கும் உடம்புவலிக்கும் 'ஒரு ஊசி போட்டுவிடுங்கள்' என்று நாமேதான் வற்புறுத்துகிறோம்.

வெந்நீரில் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கூடாது. எகிப்தில் 1950-களிலிருந்து நத்தைக்காய்ச்சல் என்ற ஒட்டுண்ணி நோய்க்காக ஊர் ஊராக ஊசி போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கிருமிநீக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி நாடெங்கும் பரவியது.

என் தம்பி ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர். குப்பைப் பையில் கிடந்த நீடில் விரலில் குத்திவிட்டது. இப்போது என்ன செய்வது?

சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். விரலைப் பிதுக்க வேண்டாம். ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் ஊற்ற வேண்டாம், சதை புண்ணாகும். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலனில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். நோயுள்ளவரின் ரத்தம் பட்ட நீடில் குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு 1000-க்கு 3. ஹெபடைடிஸ் சி-க்கு அதிகபட்சம் 100-க்கு ஏறக்குறைய 2. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. பலரும் எச்.ஐ.வி.க்குப் பயந்து இதை மறந்துவிடுகிறார்கள். தடுப்பூசி போடாதவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் இம்யுனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார் நிலைப் புரதம்) ஊசியோடு தடுப்பூசியின் முதல் டோஸையும் போட்டுவிட வேண்டும். அடுத்தவை 1-ஆம், 6-ஆம் மாதங்களில். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. தொற்றினால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும். குத்திய அன்றே ரத்தப் பரிசோதனை எடுத்து வைக்க வேண்டும். முன்பு தொற்று இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே இன்சுலின் பேனா வைத்திருக்கிறார்கள். நீடில் மாற்றிக்கொள்கிறார்கள்.

வேண்டாம். பேனாவின் மருந்துக் குழாய்க்குள்ளும் ரத்தம் பின்வாங்கி ஏறும். ஆளுக்கொரு பேனா, பெயர் எழுதி ஒட்டுங்கள். பயன்படுத்திய நீடிலை மூடி திருகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.