வியாழக்கிழமைப் பட்டியல்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் முதலூர்ப் பக்கம். சென்னைக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிறு பெரிய ஆலயம் ஏதாவது, அடுத்த ஞாயிறு நண்பன் கூப்பிடும் சபை, சோம்பலாக இருந்தால் யூடியூப். தெருமுனையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் இருக்கிறது. இரண்டு முறை போனேன். பிரசங்கம் சுமார், பாட்டு இழுவை, போதாததற்கு கமிட்டி தேர்தல் சண்டை. தனியாக ஜெபிக்க உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஆழமாக ஜெபிப்பது எப்படி? அதற்கு ஒரே சபையில் கட்டுண்டு கிடக்கத்தான் வேண்டுமா? அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கத்தானே இயேசு சொன்னார்?

– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், சென்னை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கதவைப் பூட்டச் சொன்னது மத்தேயு 6ஆம் அதிகாரம், 6ஆம் வசனம். மூன்று வசனம் தள்ளி அவரே கற்றுக்கொடுக்கிற ஜெபம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்குகிறது. அறைக்குள் ஒற்றை ஆளாக முழங்காலில் நிற்பவனும் ‘எங்கள்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆகாரம் எங்களுக்கு, கடன்களும் எங்கள் கடன்கள். தமிழில் இது இன்னும் கறார். ‘நம்’ என்றால் கேட்பவரும் அதில் சேர்த்தி. ‘எங்கள்’ என்றால் நானும் என்கூட நிற்பவர்களும் மட்டும். சரி, உங்கள்கூட நிற்பது யார்? யூடியூபில் நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் ஐந்து நிமிடக் கணக்கு எனக்குப் புரிகிறது. வேலை, சம்பளம், கல்யாணம், அம்மாவின் முழங்கால் வலி. நம் சொந்தச் சங்கதிகள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நானும் ஒரு கமிட்டி தேர்தலுக்குப் பிறகு கோபித்துக்கொண்டு இரண்டு வருடம் ஆலயப் பக்கம் போகாமல் இருந்தவன்தான். வீட்டிலேயே ஜெபிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், கண்ணை மூடினால் அந்தத் தேர்தல்தான் வந்தது.

அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்காவைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற டீச்சர். ஜெபக் கூட்டத்தில் அவர் ஜெபித்தால் சொன்னதையே சொல்லி நீட்டிக்கொண்டு போவார், நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம். “தம்பி, உங்க பேரு வியாழக்கிழமையில இருக்கு” என்றார். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். கிழமைவாரியாகப் பெயர்கள், அதுவும் அகரவரிசையில் இல்லை, ஆலயத்தில் உட்காரும் வரிசையில். பெஞ்சு பெஞ்சாக நடந்துபோவது மாதிரி. பெயருக்கு எதிரே ‘சுகர்’, ‘மருமகள் ஏழாம் மாதம்’, ‘வாடகை பாக்கி’. தீர்ந்தவை அடிக்கப்பட்டிருந்தன. என் பெயர் ஜன்னலோரத்து மூன்றாம் பெஞ்சிலேயே இருந்தது, எதிரே ஒரு கேள்விக்குறி. இரண்டு வருடமாக.

அந்த நோட்டை வாரம் ஒரு சபைக்குப் போகிறவரால் எழுத முடியாது. ஆழம் என்று நீங்கள் தேடுவதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து முதலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காகச் சொந்த இடங்களில் உபத்திரவப்பட்டவர்களுக்காக, 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் முன்னின்று நிலம் வாங்கி ஏற்படுத்திய குடியிருப்பு அது. அங்கே சபையும் ஊரும் ஒன்றாகத்தான் பிறந்தன. ஞானஸ்நானம், அசனம் என்கிற சபை விருந்து, கைப்பிடி அரிசி எல்லாம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்போடு வந்துவிடும், சேர வேண்டிய வேலையே இல்லை. என் அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிச் சட்டியில் போட்டுவிட்டு இரண்டு வார்த்தை முணுமுணுப்பார். அதற்கென்று நேரம் ஒதுக்கியதில்லை, சோறு பொங்குகிற நேரமே அதற்கும் நேரம். சென்னையில் இதெல்லாம் தானாக வராது. ஊர்ச் சபைப் போதகர் ஐயரிடம், இவர் எங்கள் சபை ஆள் என்று ஒரு கடிதம் வாங்கிவந்து தெருமுனை ஆலயத்தில் கொடுங்கள். சங்கக் காணிக்கை, அதாவது சபைச் சந்தா, கட்டுங்கள். ஆபீஸ் வேலை மாதிரி இருக்கும், இருக்கட்டும். பாடகர் குழுவில் சேர அவசரப்படாதீர்கள். முதலில் அசனத்துக்கு அண்டா கழுவ ஆள் கேட்பார்கள், அதற்குக் கையைத் தூக்குங்கள்.

தினமும் ஜெபிக்கச் சொற்கள் வேண்டுமென்றால் பைபிளில் இருக்கிற சங்கீதங்கள் போதும். 1662ஆம் வருடத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளைக்கு, காலை மாலை என்று பிரித்து வைத்திருக்கிறது. சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து. 17ஆம் தேதி காலையில் 88ஆம் சங்கீதம் வரும். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடியும்போது கொஞ்சம் வெளுக்கும், இது கடைசி வரி வரை இருட்டு. அன்றைக்கு உங்களுக்கு இன்கிரிமென்ட் வந்திருக்கலாம். அப்போது அது உங்கள் பாட்டு இல்லை, பக்கத்து பெஞ்சுக்காரருடையது. அவர் யார் என்று தெரிந்தால், அவருக்காக வாசிக்கலாம். தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவீர்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். காசுக்குக் கணக்குக் காட்டாத, யாரைக் கல்யாணம் செய்யலாம் என்று உத்தரவு போடுகிற, கேள்வி கேட்டால் சாபம் வரும் என்று மிரட்டுகிற இடமாக இருந்தால், அங்கே பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே கிளம்புங்கள். சுமாரான பிரசங்கம் அந்தக் கணக்கில் வராது. நான் நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறேன், உயிரோடுதான் இருக்கிறேன்.

கமிட்டிச் சண்டைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எனக்கு எதிராக நின்றவர் இப்போதும் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் உட்காருகிறார். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று வரும்போது அவருடைய வழுக்கை எனக்கு நேர் எதிரே இருக்கும். சில வாரம் சத்தமாகவே சொல்லிவிடுவேன். சில வாரம் வாய் மட்டும் அசையும்.

அன்புடன்.