வீட்டுக்கு அடியில் சுரங்கம்: எதைக் கேட்பது, எதைச் சொல்வது?

வாசகர் கேள்வி: எங்களுடையது இருபத்தைந்து ஆண்டுப் பழமையான, செங்கல் சுவர்களால் ஆன இரண்டு மாடி வீடு. நகர ரயிலின் இரட்டைச் சுரங்கங்களில் ஒன்று வீட்டுக்கு நேர் அடியில் 20 மீட்டர் ஆழத்தில் செல்கிறது என்றும், நிலத்தடி நிலையம் தெருமுனையில், வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி அமைகிறது என்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதம் வீட்டை ஆய்வு செய்யப் பொறியாளர்கள் வருகிறார்கள். இயந்திரம் அடியில் போகும்போது வீடு தாங்குமா? ஆய்வு அறிக்கையில் கையெழுத்திடலாமா? ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அதிர்வு இருக்குமா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் அளவுகளை வைத்துப் பார்த்தால், வேலை முறையாக நடக்கும்வரை உங்கள் வீடு தாங்கும்; அதிகம் போனால் பூச்சில் மெல்லிய கீறல்கள் விழலாம். ஆனால், உங்கள் கவலை முழுவதும் வீட்டுக்கு நேர் கீழே போகும் இயந்திரத்தின் மீதே இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்தக் கவலையில் பாதியை 40 மீட்டர் தள்ளி வரும் நிலையக் குழிக்கும், மீதியில் பெரும் பங்கை நிலத்தடி நீருக்கும் ஒதுக்குவேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுரங்கம் தோண்டும்போது மேலே உள்ள நிலம் ஏன் இறங்குகிறது என்பதற்கு விடை எளியது: எடுக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலான மண் உள்ளே வந்துவிடுகிறது. தேம்ஸ் நதிக்கு அடியில் 1825இல் வேலையைத் தொடங்கி 1843இல் சுரங்கத்தைத் திறந்த மார்க் புரூனலுக்கும் இதுதான் சிக்கல். அவர் இரும்புக் கவசத்தின் முகப்பைப் பலகைகளால் அடைத்து, ஒவ்வொரு பலகையாக விலக்கி மண்ணை எடுக்கச் செய்தார். அப்படியிருந்தும் நதி பலமுறை உள்ளே பாய்ந்தது. இன்றைய சுரங்கத் துளைப்பு இயந்திரமும் அடிப்படையில் அந்தக் கவசம்தான். பலகைகளுக்குப் பதிலாக, வெட்டிய மண்ணையே நுரை கலந்து குழைத்து, வெட்டும் சக்கரத்துக்குப் பின்னே உள்ள முன்னறையில் நிரப்பி, எதிரே உள்ள மண்ணும் நீரும் தரும் அழுத்தத்துக்கு ஈடாக அதை வைத்துக்கொள்கிறார்கள். உள்ளிருந்து திருகுக் குழாய் வழியாக மண் எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதை இயக்குபவர் கட்டுப்படுத்துகிறார். அந்தக் கைப்பிடியில்தான் உங்கள் வீட்டின் அமிழ்வு பெருமளவு அடங்கியிருக்கிறது.

இயந்திரத்தின் பின்புறத்திலும் ஓர் இடைவெளி உண்டு. வெட்டும் சக்கரம் 6.6 மீட்டர் விட்டம் கொண்டது, உள்ளே பொருத்தும் கான்கிரீட் வளையத்தின் வெளிவிட்டம் 6.35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வெற்றிடம் விழுகிறது. ஒரு வளையத்தின் நீளம் 1.4 மீட்டர் என்றால், ஒவ்வொரு வளையத்துக்கும் ஏறத்தாழ மூன்றரை கன மீட்டர் சிமெண்ட் கலவையை, இயந்திரம் நகரும்போதே அந்த இடைவெளியில் செலுத்தியாக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் மண் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். வேலைத் தலத்தில் பொறியாளரைச் சந்திக்க நேர்ந்தால், "வளையத்துக்கு எவ்வளவு மண் எடுத்தீர்கள், எவ்வளவு கலவை செலுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் தயங்காமல் சொல்பவர் தம் வேலையைக் கவனிக்கிறார் என்று நம்பலாம்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. இப்படிக் கூடுதலாக வரும் மண், சுரங்கத்தின் குறுக்குப் பரப்பில் ஒரு சதவீதம் என்று வைப்போம். நன்றாக இயக்கப்படும் இயந்திரம் இதைவிடக் குறைவாகவே இழக்கும். 20 மீட்டர் ஆழமும் களிமண் நிலமும் என்றால், சுரங்கத்தின் மையக்கோட்டுக்கு நேர் மேலே தரை ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் இறங்கும். இறக்கம் இருபுறமும் மணி வடிவில் குறைந்துகொண்டே போய், 30 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய இல்லாமலாகும். மணல் நிலமாக இருந்தால் அந்தப் பள்ளம் குறுகியும் ஆழமாகவும் அமையும். அதே இழப்புக்கு 22 அல்லது 23 மில்லிமீட்டர்கூட ஆகலாம். இரண்டாவது சுரங்கம் 15 மீட்டர் தள்ளிச் சென்றால், களிமண்ணில் அது மேலும் நான்கு மில்லிமீட்டரைச் சேர்க்கும். அதனால் முதல் இயந்திரம் கடந்துவிட்டது என்பதற்காகக் கண்காணிப்பைக் கைவிட வேண்டாம்.

வீட்டை உடைப்பது இறக்கத்தின் அளவு அல்ல, இறக்கத்தில் உள்ள வேறுபாடு. வீடு முழுவதும் ஒரே சீராக 14 மில்லிமீட்டர் இறங்கினால் உங்களுக்குத் தெரியக்கூட வராது. ஒரு மூலை இறங்கி மறுமூலை நின்றுவிட்டால்தான் சுவர் இழுபடும். மேலே சொன்ன களிமண் கணக்கில், தரை மிக அதிகமாகச் சாயும் இடம் மையத்திலிருந்து சுமார் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கும் சாய்வு ஆயிரத்தில் ஒன்றுக்குக் குறைவுதான். ஐந்நூற்றில் ஒன்றுக்குள் சாய்வும் 10 மில்லிமீட்டருக்குள் இறக்கமும் இருந்தால் பாதிப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது துறையில் நெடுநாளாகப் புழங்கும் முதல்கட்ட வடிகட்டி. உங்கள் வீடு சாய்வில் தேறுகிறது. இறக்கத்தில் சற்றே கூடுதலாக இருப்பதால் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய பட்டியலில் வருகிறது. அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறுங்கள். நேர் மேலே இருக்கும் உங்களைவிட, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சுவர்தான் கூடுதலாக இழுபடும். இதை அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

விரிசல்களைப் பொறுத்தவரை, ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பவை பூச்சு வேலையோடும் வண்ணத்தோடும் முடிந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் வரை போனால் நிரப்பிப் பூச வேண்டும், கதவு ஜன்னல்கள் சற்று இறுகலாம். அதற்கு மேல் போனால் அது மேஸ்திரியின் வேலை அல்ல, கட்டுமானப் பொறியாளரின் வேலை.

அப்படியானால் வீடுகள் இடிந்த செய்திகள் எங்கிருந்து வருகின்றன? அவற்றில் பலவற்றின் பின்னால் நீர் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் இறுதியில் கொல்கத்தாவின் பௌபஜாரில் இயந்திரம் நீர் தாங்கும் அடுக்கைத் தொட்டபோது, நீரும் அதோடு மண்ணும் சுரங்கத்துக்குள் புகுந்து, மேலே பல வீடுகள் இடிந்தன. இது மேலே போட்ட மில்லிமீட்டர்க் கணக்குக்குள் அடங்கும் நிகழ்வு அல்ல. நீர் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடத் தொடங்கிய பிறகு எந்தச் சூத்திரமும் பொருந்தாது.

இங்கேதான் நீங்கள் செய்ய வேண்டிய முதன்மையான வேலை வருகிறது. உங்கள் மனையில் இப்போது இருக்கும், எப்போதோ இருந்த ஒவ்வொரு கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் பொறியாளர்களிடம் சொல்லுங்கள். நான் பணியாற்றிய ஒரு சுரங்க வேலையில், ஒரு வீட்டின் சமையலறைத் தரையில் ஓடுகளின் இணைப்பு வழியாகச் சோப்பு நுரைபோல் வெண்ணிறமாக ஏதோ பொங்கி வந்தது. வீட்டு அம்மா வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குழாய் உடைந்துவிட்டது என்று பிளம்பரை அழைத்திருந்தார். அது இயந்திரத்தின் முன்னறையில் மண்ணைக் குழைக்கச் செலுத்தும் நுரை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மூடி, அதன் மேல் சமையலறையைக் கட்டிய கிணறு ஒன்று அங்கே இருந்திருக்கிறது. ஆய்வுப் படிவத்தில் 'கிணறு இல்லை' என்று எழுதியிருந்தார்கள். கேட்டவரும் நடப்பில் இருக்கும் கிணற்றைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். நுரை வெளியேறும் வழியில் முன்னறையின் அழுத்தமும் வெளியேறும். அழுத்தம் போனால் மண் உள்ளே வரும். அன்று இயந்திரத்தை நிறுத்தி, கிணற்றைத் தேடி, சிமெண்ட் பால் செலுத்தி அடைத்ததால் வீடு தப்பியது. ஆகவே வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, தூர்ந்த கிணறு, பழைய கழிவுத் தொட்டி, மூடிய குழாய் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் கொடுங்கள்.

அடுத்தது நிலையம். சுரங்கம் என்பது உருளை. மண் அதைச் சுற்றிலும் அழுத்தி நிலைக்க வைக்கும். நிலையம் என்பது திறந்த குழி. மண் அதன் சுவர்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். இதற்காக ஒரு மீட்டர் அளவு தடிமனுள்ள, டயாபிரம் சுவர் எனப்படும் கான்கிரீட் சுவரை முதலில் நிலத்துக்குள் வார்த்துவிட்டு, பிறகு உள்ளே தோண்டுகிறார்கள். குறுக்கே இரும்பு முட்டுகள் கொடுத்து அடிவரை தோண்டிப் பின் கீழிருந்து கட்டுவது ஒரு முறை. கூரைத் தளத்தையும் இடைத் தளங்களையும் மேலிருந்து ஒவ்வொன்றாக வார்த்து, அவற்றையே முட்டாக வைத்துக் கீழே தோண்டுவது இன்னொரு முறை. இரண்டாவது முறை மெதுவானது. ஆனால் தளங்கள் இரும்பு முட்டுகளைவிட விறைப்பானவை என்பதால், அக்கம்பக்கத்தில் வீடுகள் நெருங்கிய இடத்தில் நான் அதையே விரும்புவேன். எந்த முறையானாலும், குழியின் ஆழத்தில் 0.2 சதவீதம் சுவர் நகர்வது வழக்கத்துக்கு மாறானது அல்ல. 20 மீட்டர்க் குழிக்கு அது 40 மில்லிமீட்டர். வெளியே தரையில் அதன் தாக்கம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தொலைவு வரையும், களிமண்ணில் மூன்று மடங்கு வரையும் எட்டும். நீங்கள் 40 மீட்டரில் இருக்கிறீர்கள். அதாவது சரியாக விளிம்பில்; களிமண்ணாக இருந்தால் எல்லைக்கு உள்ளேயே.

துறையைத் திருப்பிப்போட்ட விபத்துகளிலும் இந்த வகைக் குழிகள் முன்னே நிற்கின்றன. சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையில் 2004 ஏப்ரல் 20 அன்று முட்டு இணைப்புகள் முறிந்து குழி சரிந்ததில் நால்வர் இறந்தனர். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று நகர ஆவணக் காப்பகமே சரிந்து இருவர் இறந்தனர். அருகில் இருந்த மெட்ரோ குழியின் டயாபிரம் சுவரில் இருந்த குறை வழியே நீரும் மண்ணும் பாய்ந்ததுதான் காரணம். மறுபக்கமும் உண்டு. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்துக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆழம் தோண்டியபோது, பிக் பென் கோபுரத்தின் அடியில் சிமெண்ட் கலவையை அளந்து அளந்து செலுத்திச் சாய்வைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

குழியைக் காயவைக்க நீரை இறைக்கும்போது வெளியே நீர்மட்டம் இறங்கினால், களிமண் அடுக்குகள் பிழிந்த துணிபோல் மெல்லச் சுருங்கும். இது நாட்களில் நடந்து முடிவதல்ல, மாதக் கணக்கில் நடக்கும். குழியிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பாலும் நடக்கும். ஆகவே உங்கள் கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து எழுதி வாருங்கள். கயிறும் கல்லும் போதும். மழை இல்லாமலே ஏறினாலும், காரணமின்றித் திடீரென இறங்கினாலும் அன்றே தெரிவியுங்கள்.

ஆய்வு அறிக்கையில் கையெழுத்திடலாம். இடாமல் இருப்பதால் உங்களுக்குத்தான் நட்டம். முன்பு இருந்த நிலைக்குச் சான்று இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிறுவ முடியாது. ஆனால் அந்தத் தாள் வீட்டின் நிலையை மட்டும் சொல்ல வேண்டும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி ஏதேனும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். படங்களுடன் கூடிய நகலைக் கையோடு வாங்குங்கள். ஆய்வுக்கு முன் வண்ணம் பூசி வீட்டை அழகாக்கும் தவற்றைச் செய்யாதீர்கள். பழைய விரிசல் புதுப் பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளிப்படும்போது அது பழையதா புதியதா என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். மாறாக, ஒவ்வொரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள்; அகலமான ஒன்றிரண்டின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது. அளப்பதை எப்போதும் அதிகாலையில் செய்யுங்கள். வெயில் ஏறினால் சுவர் விரிந்து விரிசல் குறுகும்.

இயந்திரம் கடக்கும் நாட்களில் பெரிதாக எதையும் உணர மாட்டீர்கள். மண்ணில் அது நாளொன்றுக்குப் பத்து மீட்டர் அளவில் நகரும். பாறையாக இருந்தால் ஓரிரு இரவுகள் அடியில் உறுமல் கேட்கும். உறுமலைவிட, நேற்றுவரை எளிதாகச் சாத்திய கதவு இன்று இடிப்பதுதான் பார்க்க வேண்டிய அடையாளம். இயந்திரம் உங்கள் வீட்டுக்கு நேர் கீழே பராமரிப்புக்காக நிற்குமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். நகரும் இயந்திரத்தைவிட நிற்கும் இயந்திரம் கவலைக்குரியது. வெட்டுப் பற்களை மாற்ற முன்னறையைத் திறக்கும் இடத்தை, வீடுகள் இல்லாத இடமாகத் திட்டமிட முடியும்.

ரயில் ஓடும்போது வரும் அதிர்வு வீட்டைச் சேதப்படுத்தாது. ஆனால் இரவில் தலையணையில் காதை வைத்தால் மெல்லிய முழக்கம் கேட்கலாம். தண்டவாளத்தின் அடியில் ரப்பர்ப் பட்டைகள் வைத்தோ, தண்டவாளப் பலகத்தையே சுருள்வில்களின் மேல் மிதக்கவிட்டோ இதைப் பெருமளவு அடக்கலாம். தண்டவாளம் பதித்த பிறகு இதைச் சேர்ப்பது மிகக் கடினம். ஆகவே உங்கள் வீட்டுக்குக் கீழே எந்த வகைத் தண்டவாளம் வருகிறது, படுக்கையறையில் எத்தனை டெசிபல் எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சுரங்க வேலை நடக்கும் இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். அதே கடிதத்தில் உங்கள் மனைக்குக் கீழே செல்லும் சுரங்கத்தின் நீளவெட்டுப் படத்தின் நகலையும் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை ஆழ்துளைக் கிணறு போடவோ, பைல் (ஆழமான அடித்தளத் தூண்) அடித்து மாடி எழுப்பவோ நினைத்தால், எத்தனை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பதை அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.