கம்ஃபர்ட்டில் போட்டாலும் குத்தும் கார்: நான்கு ஷாக்கையும் மாற்றும் முன்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். அடாப்டிவ் சஸ்பென்ஷன் (மோடுக்கு ஏற்ப ஷாக்கின் இறுக்கம் மாறும் அமைப்பு) உள்ள எஸ்யூவி வைத்திருக்கிறேன். 5 வருடம், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயர் 235/55 ஆர்18. போன வருடம் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) இரண்டையும் மாற்றினோம். சில மாதங்களாக கம்ஃபர்ட் மோடில் போட்டாலும் சின்னப் பள்ளம்கூட இடுப்பில் தெரிகிறது. காற்று டாஷ்போர்டில் 33 பிஎஸ்ஐ காட்டும்படி தவறாமல் பிடிக்கிறேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான்கு ஷாக்கும் போய்விட்டன, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, டாஷ்போர்டு காட்டும் அந்த 33. இன்னொன்று, போன வருடம் மாற்றிய லோயர் ஆர்ம். இரண்டுக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமில்லை.

அடாப்டிவ் ஷாக் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில்தான் பெரும்பாலான குழப்பம். ஷாக்குக்குள் எண்ணெய் போகும் வழியை ஒரு மின்வால்வு திறந்து மூடுகிறது. வழி அகலமானால் மென்மை, குறுகினால் இறுக்கம். காந்தப்புலத்தில் கெட்டியாகும் திரவத்தை வைத்து இதே வேலையைச் செய்யும் வகையும் உண்டு. இரண்டுமே வண்டியின் உடல் ஆடுவதை, சாய்வதை, முன்பக்கம் தாழ்வதை அடக்குவதற்கானவை. தாரில் பெயர்ந்த ஒரு விரல்கடை விளிம்பு டயரில் மோதும்போது அந்த அடியை முதலில் வாங்குவது டயரின் பக்கச்சுவர், அடுத்து சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ் ரப்பர். அவை இரண்டும் இறுகிப்போயிருந்தால் எந்த மோடும் உதவாது.

அதனால் மெக்கானிக்கிடம் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வண்டி குத்துகிறதா, இடிக்கிறதா, தூக்கிப் போடுகிறதா? பேச்சில் மூன்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். குத்துவது என்றால் சின்னச் சின்ன விளிம்புகள் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் கூர்மையாகத் தெரிவது. அது பெரும்பாலும் டயர் அல்லது புஷ். இடிப்பது என்றால் வேகத்தடையிலோ பள்ளத்திலோ ‘டொம்’ என்று ஒரே அடி விழுவது. பம்ப் ஸ்டாப் ரப்பரையும் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்குவது) ஷாக்கின் மேல் மவுன்டையும் (ஷாக்கை வண்டியோடு பிடிக்கும் மேல்முனை) பாருங்கள். தூக்கிப் போடுவது என்றால் மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை எழும்பி அமர்வது. உண்மையில் தேய்ந்த ஷாக்கின் குணம் அதுதான். எண்ணெய் கசிந்த ஷாக் வண்டியை மிதக்க வைக்கும். குத்த வைப்பது குறைவு. நீங்கள் சொல்வது முதல் வகை.

இனி, காசில்லாத ஒரு சோதனை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, காரமடை பக்கம் நேரான சாலையில் ஒரு வேகத்தடையைத் தேர்ந்தெடுங்கள். மலைச்சாலையில் இதைச் செய்யாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, கம்ஃபர்ட்டில் இருந்தாலும் கணினி தானாகவே ஷாக்கை இறுக்கும். அது கோளாறு அல்ல, அதன் வேலை. நேர்ச்சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டரில், பிரேக் மிதிக்காமல், ஒரே வேகத்தடையை கம்ஃபர்ட்டில் மூன்று முறையும் ஸ்போர்ட்டில் மூன்று முறையும் கடந்து பாருங்கள். பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, எந்த மோடு என்று சொல்லாமல் வித்தியாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். ‘இன்டிவிஜுவல்’ மோடு உள்ள கார்களில் எஞ்சினைத் தனியாகவும் சஸ்பென்ஷனைத் தனியாகவும் அமைக்க முடியும். யாராவது மலை ஏறும்போது ஸ்போர்ட்டில் வைத்துவிட்டு மறந்திருக்கலாம். திரைக்குள் போய் அதையும் பார்த்துவிடுங்கள்.

வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் வால்வும் வயரிங்கும் கணினியும் வேலை செய்கின்றன என்று பொருள். கடினத்துக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. வித்தியாசமே தெரியாவிட்டால் மின்சாரப் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு பதிலே பாதி வேலையை முடித்துவிடும்.

காற்றுக்கு வருவோம். மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டயருக்குள் இருக்கும் சென்சார் அளப்பது மொத்த அழுத்தம். அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் கேஜ் காட்டும் எண் வரும். சில கார்களில் கணினி எந்த ஊரிலும் கடல்மட்டத்து 14.7 பிஎஸ்ஐயையே கழிக்கும். கோத்தகிரி உயரத்தில், சுமார் 1,800 மீட்டரில், வெளிக்காற்று 11.8 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் இருக்கும். கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ வித்தியாசம். அப்படிப்பட்ட காரில் டாஷ்போர்டு 33 என்று காட்டினால் டயரில் உண்மையில் 36 இருக்கும். காலைக் குளிரில் எண் குறைகிறதே என்று மேலும் ஒன்றிரண்டு ஏற்றினால் 38. அந்த டயர் கல்போல இருக்கும்.

ஆகவே டாஷ்போர்டை நம்பாமல் ஒரு நல்ல கையடக்க கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் எடுக்கும் முன் நான்கு டயரையும் அளந்து, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருடன் ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரில் குறைந்த பாரத்துக்கு ஓர் எண்ணும் முழுப் பாரத்துக்கு இன்னோர் எண்ணும் இருக்கும். இரண்டு பேர் போகும் வண்டிக்கு முழுப் பார எண்ணைப் பிடிப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு; அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது.

கீழே பிடித்த காற்று மேலே வந்தால் ஏறிவிடுமே என்ற கேள்வி எப்போதும் வரும். மேட்டுப்பாளையத்தில் 34 டிகிரி வெயிலில், டயர் ஆறிய நிலையில் 33 பிடித்து, கோத்தகிரியில் 14 டிகிரி காலையில் அளந்தால் 32 சொச்சம் காட்டும். உயரம் 2 பிஎஸ்ஐக்கு மேல் கூட்டுகிறது, குளிர் 3 குறைக்கிறது. ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். ஆனால் ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் 3, 4 கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள்.

டயரையே கொஞ்சம் பாருங்கள். டிஓடி எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் உற்பத்தி நாள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டயர் பட்டன்களின் ஆழம் நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்தில் ரப்பர் இறுகத் தொடங்கும். எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும்) வகை, ரன்ஃபிளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்) வகை டயர்களின் பக்கச்சுவர் இயல்பிலேயே விறைப்பு. பழைய டயருக்குப் பதில் அதே அளவில் எக்ஸ்எல் போட்டிருந்தாலும் வித்தியாசம் தெரியும். உங்களுடைய 235/55 டயரின் பக்கச்சுவர் உயரம் 129 மில்லிமீட்டர். அழகுக்காக 235/50 ஆர்19 போட்டால் அது 117 ஆகிவிடும். நீங்கள் அதைச் செய்யவில்லை, நல்லது.

அடுத்து லோயர் ஆர்ம். எங்கள் சந்தேகம் அதிகம் விழுவது இங்கேதான். ஆர்மின் உள்முனையில் இருக்கும் புஷ், உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டிய ரப்பர். அது உருளாது, முறுக்கிக்கொள்ளும். லிஃப்டில் வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும். சஸ்பென்ஷன் அசைய மறுக்கும், சின்ன அடியெல்லாம் நேராக உள்ளே வரும், சில மாதங்களில் ரப்பரும் கிழியும். புது ஆர்ம் போட்ட சில மாதங்களில் சொகுசு குறைந்தது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சரிசெய்வது எளிது. சமதளத்தில் வண்டி நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உயரத்தை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். இடம் வலம் வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு சக்கரங்கள் பாரம் தாங்கி நிற்கும் சர்வீஸ் பிட்டிலோ (பள்ளத்திலோ) நான்கு தூண் ராம்பிலோ ஏற்றி, ஆர்ம் உள்முனை போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை அமுக்கி ஆட்டி அமரவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும். ராம்ப் இல்லையென்றால் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, நீங்கள் அளந்த அதே உயரம் வரும்வரை தூக்கி இறுக்கலாம். பல கார்களில் இந்த போல்ட்டுகள் ஒருமுறை பயன்பாட்டுக்கானவை; அப்படியானால் புதிது போட வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். வீட்டு வாசல் சரிவில், ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போக வேண்டாம்.

அதே ஆர்மில் இன்னொரு விஷயமும் தொங்குகிறது. பல கார்களில், வண்டி நிற்கும் உயரத்தைக் கணினிக்குச் சொல்லும் உயர சென்சாரின் சின்னக் கம்பி முன் ஆர்மோடு இணைந்திருக்கும். ஆர்ம் மாற்றும்போது அதைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். பிராக்கெட் கொஞ்சம் வளைந்தாலோ, பிறகு ஸ்கேனரில் கேலிப்ரேஷன் (அளவைச் சரிப்படுத்துதல்) செய்யாமல் விட்டாலோ, கணினி தவறான உயரத்தை நம்பி ஷாக்கை நடத்தும். விளக்கு எரியாது, ஏனென்றால் கணினியின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது.

இடிப்பதும் சேர்ந்தே இருந்தால் ஒரு கேபிள் டை போதும். ஷாக் கம்பியின் தூசி உறையைத் தூக்கி, கம்பியில் டையைச் சுற்றி, ஷாக்கின் உடல்பகுதியில் ஒட்டும்படி இறக்கிவிடுங்கள். வழக்கமான பாரத்தோடு வழக்கமான சாலையில் ஓட்டிவந்து பாருங்கள். சாதாரண வேகத்தடைக்கே டை பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஷாக் தாங்கவில்லை. பாதி வழியில் நின்றிருந்தால் பம்ப் ஸ்டாப்பை மறந்துவிடலாம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொக்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் மேல் மவுன்ட் பேரிங். பானெட்டை அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை இந்த வகை ஷாக்குக்கு ஒத்துவராது. இக்னிஷன் அணைந்திருக்கும்போது வால்வு எந்த நிலையில் நிற்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

மோடு மாற்றியும் வித்தியாசம் இல்லாதவர்களுக்கு மட்டும் இனி வருவது. காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் மலிவு ஓபிடி கருவி பெரும்பாலும் எஞ்சினை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன் மாட்யூலைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பிழைக் கோட் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், லைவ் டேட்டாவில் (அப்போதைய அளவுகளில்) ஒவ்வொரு ஷாக்குக்கும் போகும் மின்னோட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மோடு மாற்றும்போது நான்கும் மாற வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் கனெக்டர்களை விட்டுவைக்காது. பின்னில் பச்சைப் படிவம் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் போட்டுச் சுத்தம் செய்து, சீலைப் பாருங்கள். இக்னிஷனை அணைத்துக் கனெக்டரைக் கழற்றி, ஷாக் வால்வின் காயிலின் ஓம் அளவை மல்டிமீட்டரில் எடுங்கள். சில ஓம்தான் இருக்கும்; நான்கையும் ஒப்பிட்டு ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் குற்றவாளி. மின்சாரம் வராதபோது வால்வு வகை ஷாக் பல கார்களில் இறுக்கமான பாதுகாப்பு நிலைக்குப் போகும், காந்தத் திரவ வகை நேர்மாறாக மென்மையாகிவிடும். எக்ஸ்யூவி700 போன்ற சில கார்களில் இருக்கும் எஃப்எஸ்டி ஷாக்குக்கு (அதிர்வின் வேகத்துக்கேற்பத் தானாக மாறும் வகை) வயரே கிடையாது. அதில் கனெக்டர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இவ்வளவும் தாண்டி ஷாக்தான் என்று வந்தால் அச்சுக்கு ஜோடியாக மாற்றுங்கள். முன் இரண்டு அல்லது பின் இரண்டு. நான்கும் ஒரே நாளில் கெட்டது என்றால் ஒவ்வொன்றுக்கும் சான்று கேளுங்கள். மேல்பகுதியில் மட்டும் எண்ணெய் ஈரப்படலம் இருப்பது கசிவு அல்ல. கீழ்முனை வரை வழிந்து தூசி கட்டியிருந்தால்தான் கசிவு. கம்பியின் உச்சியில் வயர் உள்ள வகையில் இம்பாக்ட் கன் போட்டால் கம்பி சுழன்று வயர் அறுந்துவிடும். கையால் கழற்றச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: நாளைக் காலையில் கேஜ் வைத்து அளந்து ஸ்டிக்கர் அளவுக்கு இறக்குங்கள், இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு வேகத்தடை சோதனை. அப்போதும் குத்தினால் ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டில் ‘ஷாக் செக்’ என்று எழுத விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லி வாங்குங்கள்: “முன் லோயர் ஆர்ம் போல்ட்டுகளை, வண்டி பாரத்தில் நிற்கும் நிலையில் தளர்த்தி மறுபடி இறுக்கவும். உயர சென்சார் கேலிப்ரேஷன் செய்யவும். நான்கு ஷாக்கின் மின்னோட்ட அளவையும் கம்ஃபர்ட், ஸ்போர்ட் இரண்டிலும் எழுதித் தரவும்.”