வாட்ச் சொல்வதா, மூச்சு சொல்வதா?

கேள்வி: மாமரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடி (சி7, அதாவது கழுத்தின் ஏழாவது எலும்பு மட்டம்). மூன்று வருடம் ஆகிறது. டாக்டர் சம்மதத்தோடு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பயிற்சி செய்கிறேன். கை ஓய்ந்துபோகத் தள்ளினாலும் வாட்ச்சில் நாடித்துடிப்பு 115-ஐத் தாண்டுவதில்லை. "இன்னும் வேகமா தள்ளுடா" என்கிறார் அண்ணன். எவ்வளவு சிரமப்பட்டால் சரி?
- வாசகர், கொண்டலாம்பட்டி, சேலம்

பதில்: தம்பி, வாட்ச்சைக் கழற்றி அண்ணன் கையில் கட்டிவிடுங்க. அவருக்கு அது ஒழுங்காக வேலை செய்யும்.

எனக்கும் கழுத்தில்தான் அடி. 14 வருடமாக நாற்காலி. ஆரம்பத்தில் நானும் 150 வந்தே தீரவேண்டும் என்று செவ்வாய்ப்பேட்டை வீதிகளில் தள்ளித் தள்ளித் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டவன்தான்.

விஷயம் இதுதான். இதயத்தின் பிரேக் வயர், அதாவது துடிப்பைக் குறைக்கும் நரம்பு, மூளையிலிருந்து நேராக வருகிறது; தண்டுவடத்தைத் தொடுவதில்லை. துடிப்பைக் கூட்டும் ஆக்ஸிலேட்டர் வயரோ தண்டுவடத்துக்குள் இறங்கி, மேல்முதுகில்தான் வெளியே வருகிறது. கழுத்தில் பலமாக அடிபட்டால் அது அறுந்த மாதிரி. பிரேக்கை விட்டால் வண்டி கொஞ்சம் உருளும், அவ்வளவுதான். அதனால்தான் நம்மில் பலருக்கு எவ்வளவு முக்கினாலும் நாடித்துடிப்பு 110 முதல் 130-க்குள் நின்றுவிடுகிறது. சோம்பேறித்தனம் இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்க.

சிரமத்தை எண்ணால் சொல்லும் அளவுகோலை உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க். அவருடைய பழைய அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடியும். எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு வரும் என்பது கணக்கு. நமக்கு அந்தக் கணக்கே உதைக்கிறதே! 0 முதல் 10 வரையுள்ள அளவு போதும். சும்மா உட்கார்ந்திருந்தால் 0. இனி ஒரு தள்ளுகூட முடியாது என்றால் 10. நடுத்தரம் 5, 6; கடுமை 7, 8. தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வாரம் 2 நாளாவது 20 நிமிடம் இந்த 5 முதல் 8 வரையுள்ள அளவில் செய்யச் சொல்கிறது. கூடவே தசைப் பயிற்சியும்.

எண்ணை எப்படிப் பிடிப்பது? நான் ஏற்காடு பஸ் கண்டக்டர் ஆகிவிடுவேன். "அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், ஏற்காடு" என்று தள்ளிக்கொண்டே சத்தமாகச் சொல்வேன். ஒரே மூச்சில் வந்தால் 3, 4. கோரிமேட்டில் ஒரு மூச்சு வாங்கினால் 5, 6. ஊருக்கு ஊர் மூச்சு வாங்கினால் 7, 8. வீதியில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதலில் உட்கார்ந்தபடி சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்க. நமக்கு மூச்சுத் தசையே கொஞ்சம் பலவீனம் என்பதால் உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

கைக்குத் தனி எண் போடுங்க. நேற்று என் நோட்டில் "மூச்சு 4, கை 7" என்று இருக்கிறது. அப்படியென்றால் இதயத்துக்கு இன்னும் வேலை வரவில்லை, கைதான் களைத்தது. அன்றைக்கு வேகத்தைக் கூட்டாமல், இடைவெளி விட்டு விட்டுத் தள்ளுவேன். வழக்கமாக 5 வரும் மேடு திடீரென்று 8 வந்தால் திரும்பிவிடுவேன். இரண்டு தடவை அப்படித் திரும்பியபோது சிறுநீர்த் தொற்று இருந்தது.

அப்புறம் வெயில். அடிபட்ட இடத்துக்குக் கீழே நமக்குச் சரியாக வியர்க்காது, சூடு உள்ளேயே தங்கும். சித்திரையில் காலை 6 மணிக்கே முடித்துவிடுங்க. ஈரத்துண்டும் தண்ணீர் ஸ்பிரேயும் அண்ணன் கையில் இருக்கட்டும்.

பாதியில் மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகம் சிவந்து வியர்வை என்றால் அது 10 இல்லை, ரத்த அழுத்தம் எகிறுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்க. அடங்கவில்லையா, நேராக ஆஸ்பத்திரிக்கு.