நடுகல் தேடிப் போகும் மகளும் வேலை குறித்த கவலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

வரலாறு இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியோடு திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில், இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்களான நடுகற்களைப் பதிவு செய்வதற்காக விடுமுறை நாள்களையெல்லாம் செலவிடுகிறார் என்றும், அந்த நேரத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சிக்குச் சென்றாலாவது பயன் இருக்குமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அவர் அந்தப் பணியைச் செய்யும் விதம் கொஞ்சம் மாற வேண்டும்.

1969இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகள் பணியாற்றி, ஒரு சிறப்பு முகாமிலும் கலந்துகொண்டவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாளை மட்டும் பார்த்து யாரும் வேலை தந்துவிட மாட்டார்கள் என்று தாங்கள் நினைப்பது சரிதான். நான் மதிப்பது அந்த 240 மணி நேரத்தில் அவர் கையில் படியும் தொழிலை.

செங்கம் வட்டாரத்து நடுகற்கள் சாதாரணமானவை அல்ல. பல்லவர் காலத்து வட்டெழுத்துப் (தமிழின் பழைய எழுத்து வடிவம்) பொறிப்புகளோடு நிற்கும் கற்கள் அங்கே உண்டு. மாநிலத் தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்திலேயே அவற்றைப் படித்து வெளியிட்டது. பல ஊர்களில் மக்கள் அவற்றை வேடியப்பன் என்று வணங்கி, எண்ணெயும் மஞ்சளும் சாத்துகிறார்கள். ஆகவே அங்கே வேலை செய்வதற்குக் கல்லைப் பற்றிய அறிவோடு ஊராரிடம் பேசி இசைவு பெறும் பக்குவமும் வேண்டும். ஆர்வத்தில் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், எழுத்து தெரியட்டும் என்று சுண்ணத்தூள் நிரப்புவதும் கல்லுக்குக் கேடு. மாலை வெயில் சாய்வாக விழும்போது எடுக்கும் புகைப்படத்திலேயே தேய்ந்த எழுத்து துலங்கும். ஈரத் தாளைக் கல்மேல் வைத்துத் தூரிகையால் தட்டி, மை ஒற்றி எழுத்தின் படியை (மைப்படி) எடுப்பதைத் துறை சார்ந்தவர் ஒருவர் உடனிருந்து கற்றுத் தர வேண்டும். தாமாக முயலக் கூடாது. மண்ணைத் தோண்டவே கூடாது. புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது என்றாலும் இன்றும் நடப்பில் இருக்கிறது. நிலத்தில் எது கிடைத்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பதே முறை.

இனி, தாங்கள் கேட்ட வேலைக்கு வருகிறேன். தொல்லியலில் நேரடிப் பணியிடங்கள் மிகக் குறைவு. அறிவிக்கை எப்போதாவதுதான் வருகிறது. மாநிலத் தொல்லியல் துறையும், இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் கிரேட்டர் நொய்டாவில் இயங்கும் நிறுவனமும் நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புகளுக்கு முதுகலை முடித்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், இது நீண்ட பாதை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்குமான துறை இருக்கிறது. முதுகலைக்கு அதை முதலில் விசாரியுங்கள். ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வீட்டு நிலைமை இடம் தராது என்றால், பட்டம் முடிந்ததும் அரசுப் பணித் தேர்வுகளையும் அவர் எழுதட்டும். தமிழகத்தின் வரலாறும் பண்பாடும் அவற்றின் பாடத்திட்டத்திலேயே இருப்பதால், இந்தக் களப்பணி அந்தப் படிப்புக்குக் குறுக்கே நிற்காது. ஒரு கல்வெட்டை நேரில் வாசித்தவருக்குப் பாடநூலில் உள்ள அரசர் வரிசை மறப்பதில்லை என்பதை என் மாணவர்களிடமே கண்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஆதாரமாக அவரிடம் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர், நிற்கும் இடம், நீள அகலம், சிற்பத்தின் விவரம், படித்த வாசகம், படிக்க முடியாத இடம், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதி, அதன் நகலைத் திட்ட அலுவலர் வழியாக மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பட்டயப் படிப்புக்கான நேர்காணலில் பேசப்போவது இந்தப் பதிவேடுதான். முகாமில் எடுத்த குழுப் படங்களை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

தங்களால் ஆகக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. கல்லூரிப் பெண்கள் திடீரென்று வந்து சாமிக் கல்லை அளந்தால் ஊரார் சந்தேகப்படுவது இயல்பு. அடுத்த முறை தாங்களும் உடன் சென்று, ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் முதலில் பேசிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்