கிரிக்கெட் பேட்டை ஏன் கொடுத்தான்?

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஒன்பதாவது படிக்கும் என் மகன், அப்பாவின் போனில் கேம் ஆடி, தக்காளி விற்று வைத்திருந்த 18,000 ரூபாயைத் தொலைத்துவிட்டான். சொந்தக்காரர்கள் முன்னாலேயே அப்பா அவனை அடித்துவிட்டார். இரண்டு மாதமாக வயிற்றுவலி என்கிறான், முடி கொட்டுகிறது, ஆள் இளைத்துவிட்டான். ஆசையாக வைத்திருந்த கிரிக்கெட் பேட்டைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டான். ‘நான் பொறந்தே இருக்கக் கூடாதும்மா’ என்கிறான். தூக்கம் வராததால் பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தேன். யூடியூபில் பார்த்தால் மனச்சிதைவு போலத் தெரிகிறது. தலையில் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: ஸ்கேன் வேண்டாம். பெரிய அதிர்ச்சி நடந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவது வழக்கம்தான், திரும்ப வளர்ந்துவிடும். வயிற்றுவலி நடிப்பில்லை, வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகளுக்கு வயிறு சொல்லும். மனச்சிதைவுக்கான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை, அந்த வீடியோக்களைப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள்.

நான் பயப்படுவது அந்த பேட்டைப் பற்றித்தான். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருப்பதால்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரியமான பொருளைத் தானம் கொடுப்பதும் ‘நான் இருக்கவே கூடாது’ என்பதும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வந்தால் அது கோபமோ வீம்போ இல்லை. பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

இன்றைக்கே தனியாக உட்கார வைத்து நேராகக் கேளுங்கள்: ‘கண்ணு, செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதா?’ இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லா அம்மாக்களும் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், சொல்வதைக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். இல்லை என்று சொன்னாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாளைக்கே கூட்டிப் போங்கள். ஆமாம் என்றால் நாளை வரை காத்திருக்காமல், ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேட்பதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தக்காளி போடுகிற வீடு என்றால் பூச்சிமருந்து மோட்டார் ரூமில் திறந்தே கிடக்கும். அதையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் இன்றைக்கே அப்புறப்படுத்திப் பூட்டுங்கள், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, ஆள் தெம்பாக இருக்கிறானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை. வயதானவருக்கு எழுதிக் கொடுத்ததை 14 வயதுப் பையனுக்குப் பாதி உடைத்துக் கொடுக்க யார் சொன்னார்கள்? சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாக நிதானத்தைக் கெடுக்கும், இருக்கிற நிலைமையில் அதைவிட ஆபத்து வேறில்லை. பாட்டியின் மாத்திரை அட்டை எங்கே இருக்கிறது என்பதையும் அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள். அதுவும் பூட்டுக்குள் போகட்டும். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஆரம்பித்தால் முதல் சில வாரம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பணம் தொலைந்தது தப்புதான், உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, ஒரு பெட்டி தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்பதை இந்தப் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடிக்கும் முன்னால் அவன் ‘நான் செஞ்சது தப்பு’ என்று நினைத்திருப்பான். அந்த நினைப்பு நல்லது, அது சரிசெய்யத் தூண்டும். பத்துப் பேர் முன்னால் அடித்ததும் அது ‘நானே தப்பு’ என்று மாறிவிட்டது. செய்ததைச் சரிசெய்ய வழி உண்டு, தானே தப்பு என்று நினைக்கிறவன் தன்னை என்ன செய்வான்? அடித்தது தப்பு என்று அவனிடம் சொல்லுங்கள், அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவராவது பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. கொஞ்சம் தேறியதும், லீவு நாளில் பறிப்புக்கு வரட்டும், அவன் கூலியைக் கணக்கில் கழியுங்கள், ஒரு தேதி வைத்து ‘கணக்கு முடிஞ்சுது’ என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பணத்தைப் பற்றி எடுக்கக் கூடாது, பாட்டியும்தான்.

கேம் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள், போனில் யாராவது மிரட்டுகிறார்களா, போட்டோ கேட்டார்களா என்று. அப்படி எதுவும் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

அப்பாவின் பேச்சும் இந்த போன் விசாரணையும் நாளைக்கு இருக்கட்டும். இன்று ராத்திரி அவன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுங்கள் அம்மா.